டொமைன் பெயர் வாங்கவும் விற்கவும்: வில்லங்கம் பார்த்து இறங்கும் முறை

இணையதளத்தின் முகவரியாக அமையும் டொமைன் பெயரை வாங்கினேன் என்று சொல்வது வழக்கமாகிவிட்டாலும், அதை நிலம் போல எவரும் சொந்தமாக்கிக்கொள்வதில்லை. ஓராண்டு முதல் பத்தாண்டு வரை கட்டணம் கட்டி, கெடு முடியுமுன் புதுப்பித்துக்கொண்டே போகும் குத்தகைதான் அது. டாட் காம் பெயர்களைப் பராமரிக்கும் வெரிசைன் நிறுவனம், பெயர் பதிந்து தரும் ரெஜிஸ்ட்ரார்களிடம் பெறும் ஆண்டுக் கட்டணம் 2024 செப்டம்பரில் 10.26 டாலராக உயர்ந்தது. அதே டாட் காமில் வாய்ஸ் என்ற ஒற்றைச் சொல் 2019-இல் 3 கோடி டாலருக்குக் கைமாறியது. இரண்டாவது எண்ணை மட்டும் கேள்விப்பட்டு இந்த வணிகத்துக்குள் வருபவர்கள், விலை போகாத ஐம்பது பெயர்களுக்கு ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கட்டணம் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு பெயருக்கு அதனளவில் விலை என்று எதுவும் இல்லை. அது யாருக்குத் தேவைப்படுகிறது என்பதே விலை. எஃப்பி டாட் காம் என்ற ஈரெழுத்துப் பெயர் அமெரிக்க விவசாயிகள் கூட்டமைப்பு ஒன்றின் கையில் இருந்தது. 2010-இல் ஃபேஸ்புக் அதை 85 லட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. டெஸ்லா டாட் காமைப் பெறத் தமக்குப் பத்தாண்டுக்கு மேலும் 1.1 கோடி டாலரும் ஆனதாக ஈலோன் மஸ்க்கே பிற்பாடு எழுதினார். இந்த இரண்டு பெயர்களையும் வேறு யாராவது கேட்டிருந்தால் இதில் நூற்றில் ஒரு பங்கு கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். எனவே பெயரைப் பதியுமுன் "இதை வாங்கக்கூடிய தொழில்கள் எவை, அவற்றில் எத்தனை பேரிடம் பணம் இருக்கிறது" என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். பத்து வாங்குநர்களையாவது நினைத்துப் பார்க்க முடியாத பெயரை விட்டுவிடலாம்.

தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் பதிய நினைப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு சோதனை உண்டு. வாழை என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வகரத்துக்குப் பின் ஏ ஒன்றா இரண்டா, ழகரத்துக்கு இசட்-ஹெச் போடுவதா வெறும் எல் போடுவதா என்று நான்கு பேர் நான்கு விதமாகத் தட்டுவார்கள். பெயரைத் தொலைபேசியில் ஒருமுறை மட்டும் சொல்லி, மறுமுனையில் இருப்பவரை எழுதச் சொல்லுங்கள். மூன்று பேரில் இருவர் தவறாக எழுதினால் அந்தப் பெயருக்கு வரவேண்டிய வாடிக்கையாளர் வேறு தளத்தில் போய் நிற்பார். அப்படிப்பட்ட பெயரை எடுத்தே தீர வேண்டுமென்றால், முக்கியமான மாற்று எழுத்துக்கோவைகளையும் சேர்த்துப் பதிந்து, எல்லாவற்றையும் ஒரே தளத்துக்குத் திருப்பிவிட வேண்டும். டாட் இந்தியா, டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர் என்று முழுக்கத் தமிழ் எழுத்திலேயே பெயர் பதியும் வசதியும் இருக்கிறது. அடையாளத்துக்கு அது அழகுதான். ஆனால் தமிழ் எழுத்தில் அமைந்த மின்னஞ்சல் முகவரியைப் பல படிவங்கள் இன்னும் ஏற்பதில்லை என்பதால், அதை மட்டுமே நம்பித் தொழில் நடத்த நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வீடு வாங்குமுன் வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்ப்பதைப் போலப் பழைய டொமைனுக்கும் பார்க்க வேண்டும். இணைய ஆவணக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் பெயரைக் கொடுத்தால், அந்த முகவரியில் முன்பு என்ன ஓடியது என்பதைப் பெரும்பாலும் ஆண்டுவாரியாகக் காட்டும். நான் ஒருமுறை இதைச் செய்யாமல், சமையல் குறிப்புத் தளத்துக்குப் பொருத்தமாகத் தோன்றிய ஒரு பெயரை ஏலத்தில் எடுத்தேன். மூன்று மாதமாகியும் கூகுள் தேடலில் அது தலைகாட்டவே இல்லை. பிறகு பார்த்தால், இரண்டு ஆண்டுகளாக அதில் சூதாட்ட விளம்பரப் பக்கங்கள் நூற்றுக்கணக்கில் ஓடியிருந்தன. பார்த்திருந்தால் ஐந்து நிமிட வேலை.

அதைவிடப் பெரிய வில்லங்கம் வணிகச் சின்னம், அதாவது டிரேட்மார்க். ஒரு நிறுவனத்தின் பெயரை முந்திக்கொண்டு பதிந்து, அதனிடமே விலை பேசலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே கைவிடுங்கள். டொமைன் பெயர்த் தகராறுகளைத் தீர்க்க 1999 முதல் நடைமுறையில் உள்ள யூடிஆர்பி விதிகளின்படி மூன்றை நிரூபித்தால் பெயர் பறிபோகும்: அது பிறருடைய சின்னத்தோடு குழப்பம் தரும் அளவுக்கு ஒத்திருப்பது, பதிந்தவருக்கு அதில் நியாயமான உரிமை இல்லாதிருப்பது, கெட்ட எண்ணத்தோடு பதிந்து பயன்படுத்துவது. சின்னத்தின் உரிமையாளரிடமே கொள்ளை விலைக்கு விற்க முயன்ற மின்னஞ்சல், அந்த மூன்றாவதற்குச் சான்றாகிவிடும். டாட் இன் பெயர்களுக்கு இதேபோன்ற தனி நடைமுறை உண்டு. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே, தன் சிஃபி என்ற பெயரை ஒத்த சிஃபிநெட் பெயர்களை எதிர்த்து நடத்திய வழக்கில், டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்பளித்தது. தம் குடும்பப் பெயரான நிசான் என்பதை 1994-இல் பதிந்த உஸி நிசானோ, கார் நிறுவனம் 1999-இல் தொடுத்த வழக்கை ஆண்டுக்கணக்கில் எதிர்கொண்டு பெயரைக் காப்பாற்றினார். உரிமை இருந்தும் அவருக்கு அத்தனை செலவும் அலைச்சலும் ஆனதென்றால், உரிமையே இல்லாதவர் நிலையை யோசித்துக்கொள்ளலாம்.

பிறர் கையிலிருக்கும் பெயரைக் கேட்கும்போது நிறுவன மின்னஞ்சலிலிருந்து எழுதாதீர்கள். உங்கள் நிறுவனம் பெரியது என்று தெரிந்தவுடன் விலையில் ஒரு சுழியம் கூடிவிடும். நேம்பயோ தளத்தில் இதுபோன்ற பெயர்கள் முன்பு என்ன விலைக்குப் போயின என்று பார்த்து, உங்கள் உச்ச வரம்பை முதலிலேயே முடிவு செய்யுங்கள். உரிமையாளர் புதுப்பிக்காமல் விடட்டும் என்று காத்திருப்பதும் ஒரு வழி. கெடு முடிந்தபின் பல ரெஜிஸ்ட்ரார்கள் சில வாரங்கள் அவகாசம் தருவார்கள். அதற்கிடையிலேயே பெயரை ஏலத்திலும் விடுவார்கள். பதிவு நீக்கப்பட்டால் மேலும் 30 நாள் பழைய உரிமையாளர் அபராதம் கட்டி மீட்கலாம். அதன்பின் 5 நாளில் பெயர் பொதுவுக்கு வரும். நல்ல பெயரென்றால் அந்த நொடியிலேயே தானியங்கி நிரல்கள் பிடித்துவிடும் என்பதால், கையால் தட்டிப் பிடிக்கலாம் என்று விழித்திருப்பது வீண்.

பேரம் படிந்தபின் பணத்தை நேரடியாக அனுப்பாதீர்கள். எஸ்க்ரோ டாட் காம் போன்ற இடைநிலைக் கணக்கில் வாங்குபவர் பணத்தைச் செலுத்துவார். பணம் வந்தது உறுதியானபின் விற்பவர், பெயர் வேறிடத்துக்கு மாறாமல் காக்கும் பூட்டை ரெஜிஸ்ட்ரார் கணக்கில் நீக்கி, மாற்றுவதற்குத் தேவையான ரகசியக் குறியீட்டைத் தருவார். பெயர் புதிய கணக்குக்கு வந்துவிட்டதை வாங்குபவர் உறுதிப்படுத்தியபின்பே விற்பவருக்குப் பணம் போகும். இருவருக்கும் ஒரே ரெஜிஸ்ட்ராரிடம் கணக்கு இருந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் மாற்றிவிடலாம். வேறு ரெஜிஸ்ட்ராருக்கு மாற்றுவதென்றால் சில நாள் ஆகும். புதிதாகப் பதிந்த அல்லது அண்மையில் மாற்றிய பெயருக்குப் பொதுவாக 60 நாள் தடையும் இருக்கும். அதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

விற்பவர் செய்ய வேண்டியது குறைவு. பெயரைத் தட்டினால் வெற்றுப் பக்கம் வராமல், விற்பனைக்கு உண்டு என்ற அறிவிப்பும் விலையும் வரவேண்டும். செடோ, ஆஃப்டர்னிக் போன்ற சந்தைகளில் பட்டியலிட்டு, அவர்களின் தரகையும் கணக்கில் சேர்த்து விலை வைக்க வேண்டும். "வாங்கத் தயார், ஆனால் முதலில் இந்தத் தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி வாருங்கள்" என்று எழுதுபவர் வாங்க வரவில்லை. அந்தச் சான்றிதழுக்கு நீங்கள் கட்டும் பணத்துக்காக வந்தவர்.

வாங்கிய பெயரைப் பயன்படுத்துவதில் பலரும் கோட்டைவிடுவது பாதுகாப்பில்தான். 1999 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட், தன் ஹாட்மெயில் அஞ்சலுக்குள் நுழையப் பயன்பட்ட பாஸ்போர்ட் டாட் காமைப் புதுப்பிக்க மறந்ததால், ஹாட்மெயில் பயனர்கள் தடுமாறினார்கள். வெளியாள் ஒருவர் 35 டாலர் கட்டி அதைச் சரிசெய்தார். தானியங்கிப் புதுப்பிப்பையும் இரட்டைச் சரிபார்ப்பையும் இன்றே இயக்குங்கள். கார்டு மாறினால் ரெஜிஸ்ட்ரார் கணக்கிலும் மாற்றுங்கள். பெயரைப் பதிந்த கணக்கின் மின்னஞ்சல் முகவரி அதே டொமைனில் இருக்கக் கூடாது. பெயர் காலாவதியானால் அந்த அஞ்சல்பெட்டியும் நின்றுவிடும். அதை மீட்பதற்கான கடிதம் அந்தப் பெட்டிக்குத்தான் வரும்.