குளியலறை வாட்டத்தைச் சரிசெய்த கதை

எங்கள் புது வீட்டுக் குளியலறையில் தண்ணீர் வடிகால் பக்கம் போகாது, கதவுப் பக்கமாக ஓடி வரும். கொத்தனார் வாட்டத்தை, அதாவது தரையின் சரிவை, தலைகீழாகக் கொடுத்துவிட்டார். மூன்றாவது மாதமே ஹால் சுவரில் ஓரடி உயரத்துக்குப் பெயிண்ட் உப்பி உதிர ஆரம்பித்தது.

முதலில் நானே கதவருகே 2 அங்குலத்துக்கு சிமென்ட் வரப்பு கட்டினேன். தப்பான வேலை. வெளியே வராத தண்ணீர் உள்ளேயே தேங்கி, டைல்ஸ் இடுக்கு வழியாக இறங்கியது. ஈரம் இன்னும் மேலே ஏறியது. ஒருநாள் அம்மா வழுக்கி, கதவைப் பிடித்துத் தப்பினார். அன்றைக்கே உடைத்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வேறு கொத்தனாரை வைத்து டைல்ஸையும் அடியில் ஊறிக் கிடந்த கலவையையும் பெயர்த்தோம். டியூப் மட்டம் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்து நாலு மூலையிலும் குறித்து, 6 அடிக்கு 1 அங்குலம் வடிகால் பக்கம் இறங்குமாறு கலவை போட்டோம். காய்ந்ததும் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். ஒரு மூலையில் நின்றது. டைல்ஸ் ஒட்டும் முன்பே தெரிந்ததால் அதே நாளில் சரிசெய்ய முடிந்தது.

அப்புறம் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட், சுவரிலும் ஓரடி உயரம் வரை. பூச்சு நன்றாகக் காய்ந்த பிறகு வடிகால் வாயைத் துணியால் அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் நிறுத்தினோம். ஹால் சுவரில் புதிதாக ஈரம் தெரியவில்லை. இந்தச் சோதனையை எந்த அவசரத்திலும் விட்டுவிடாதீர்கள். சொரசொரப்பான டைல்ஸ்தான் ஒட்டினோம். ஹால் சுவரை ஒரு மாதம் காயவிட்டுத்தான் பெயிண்ட் அடித்தேன்.