ஷாட்கனில் ஸ்லக் சுட சைட்டைச் சரிசெய்வது எப்படி?

பல சிறு குண்டுகள் அடங்கிய ரவைத் தோட்டாவில் குறி கொஞ்சம் விலகினாலும் ரவை பரவிப் போவதால் நாலைந்து குண்டாவது இலக்கில் படும். ஸ்லக் ஒற்றைக் குண்டு. அது விலகினால் விலகியதுதான். அதனால் ஸ்லக் சுடப் போகிறவர் முதலில் செய்ய வேண்டிய வேலை, குழலின் மேல் குறிபார்க்க உதவும் சைட்டைச் சரிபார்ப்பது.

தொடங்கும் முன்

துப்பாக்கியைக் காலி செய்து, சுடும் தோட்டா நிற்கும் அறையையும், மற்ற தோட்டாக்கள் நிற்கும் மேகசினையும் கண்ணால் பார்த்து, விரலாலும் தொட்டுப் பாருங்கள். சைட்டில் கை வைக்கும் ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். குழலைப் பிடித்திருக்கும் மேகசின் மூடி இறுக்கமாக இருக்கிறதா, சைட் திருகுகள் ஆடுகின்றனவா என்று பாருங்கள். ஸ்லக்கின் உதைப்பில் திருகு கழலுவது சர்வ சாதாரணம். ஆடுகிற சைட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தால் தோட்டாதான் வீணாகும்.

உள்ளே சுழல் வரி இல்லாத வழவழப்பான குழலுக்கு ஃபாஸ்டர் வகை (குழிந்த அடியுள்ள ஈயக் குண்டு) ஸ்லக், வரி வெட்டிய குழலுக்கு சேபோ (பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கும் குண்டு) ஸ்லக். சோக் (குழல் முனையின் குறுக்கம்) மாற்றக்கூடிய குழலானால், குறுக்கமே இல்லாத சிலிண்டர் அல்லது குறுக்கம் மிகக் குறைந்த இம்ப்ரூவ்டு சிலிண்டர் போடுங்கள். ஒரே கம்பெனி, ஒரே நீளம், ஒரே எடை உள்ள தோட்டாவையே கடைசிவரை பயன்படுத்துங்கள். தோட்டா மாறினால் அடி விழும் இடமும் மாறும்.

முதல் சுற்று: 25 மீட்டர்

பின்னால் உயரமான மண்மேடு உள்ள அனுமதி பெற்ற சுடுதளத்தில் மட்டும் சுடுங்கள். காதுக்கும் கண்ணுக்கும் காப்பு அவசியம். துப்பாக்கியின் முன்கட்டையை மணல் மூட்டையில் வையுங்கள். குழலையே மூட்டையின் மேல் வைத்தால் அடி மேலே போகும். முன் சைட்டின் தலை பின் சைட் வெட்டின் மேல்விளிம்போடு சமமாக, இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய இருக்க வேண்டும். கண் முன் சைட்டிலேயே நிற்கட்டும், இலக்கு மங்கலாகத் தெரிந்தால் போதும். கன்னம் கட்டையில் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் படியட்டும்.

மூன்று தோட்டா சுடுங்கள். ஒரே ஒரு ஓட்டையைப் பார்த்துத் திருகைத் தொடாதீர்கள். மூன்று ஓட்டைகளுக்கும் நடு எங்கே என்று பார்த்து அதை அளந்துகொள்ளுங்கள்.

எந்தப் பக்கம், எவ்வளவு?

பின் சைட்டை, அடி எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே நகர்த்த வேண்டும். முன் சைட் இதற்கு நேர் எதிர். அடி இடப்பக்கம் விழுந்தால் பின் சைட் வலப்பக்கம். அடி கீழே விழுந்தால் பின் சைட் மேலே.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. விலகலை இரண்டு சைட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். சைட் இடைவெளி 500 மி.மீ., இலக்கு 25 மீட்டர் (25,000 மி.மீ.), விலகல் 50 மி.மீ. என்றால் 50 × 500 ÷ 25,000 = 1 மி.மீ. ஒரு மில்லிமீட்டர் நகர்த்தினால் போதும். புதியவர்கள் பெரும்பாலும் தேவைக்கு மேல் நகர்த்தி, அடுத்த சுற்றில் எதிர்ப்பக்கம் போய் நிற்பார்கள்.

திருகு இல்லாமல் பள்ளத்தில் செருகிய சைட்டானால், நகர்த்தும் முன் சைட்டின் அடியிலும் குழலிலும் சேர்த்து ஒரு பென்சில் கோடு போடுங்கள். பித்தளைக் குச்சியால் மெதுவாகத் தட்டினால் கோடு எவ்வளவு பிரிந்தது என்று தெரியும். இரும்புக் குச்சி சைட்டைக் காயப்படுத்தும். முன் சைட்டை அரத்தால் தேய்ப்பது கடைசி வழி: அடி கீழே விழும்போது மட்டுமே உதவும், தேய்த்தது திரும்ப வராது.

50 மீட்டர்

25-இல் நடு சரியானதும் 50-க்குப் போங்கள். வழவழப்பான குழலில் மூன்றும் 10 செ.மீ. வட்டத்துக்குள் விழுந்தால் அடிகள் நெருக்கமாகவே விழுகின்றன என்று பொருள். இங்கே நகர்த்தும் அளவைப் புதிதாகக் கணக்கிட வேண்டும்: 50 மி.மீ. விலகலுக்கு அரை மில்லிமீட்டர்தான்.

அடிகள் கண்டபடி சிதறினால் சைட்டைக் குறை சொல்ல வேண்டாம். உதைப்புக்குப் பயந்து விசையை வெடுக்கென்று இழுப்பதுதான் பெரும்பாலும் காரணம். பத்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டுச் சுடுங்கள், அதற்குள் குழலும் ஆறியிருக்கும். அதன் பிறகும் சிதறினால் குழலில் படிந்த ஈயத்தைத் துடைத்துப் பாருங்கள், அல்லது வேறு ஸ்லக்கை முயலுங்கள்.

எல்லாம் சரியானதும் திருகுகளில் நீலநிறத் திருகுப் பசை ஒரு சொட்டு விட்டு இறுக்கி, பசை காய்ந்த பிறகு இன்னும் மூன்று தோட்டா சுட்டு உறுதி செய்யுங்கள்.