ஆற்றுப் பள்ளத்தாக்கில் தங்கம் அரிக்கப் போவது எப்படி: சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் புதியவர்களுக்கு

தங்கம் வேண்டுமென்றால் சிராங்கூன் ரோட்டு நகைக்கடைகளுக்குப் போங்கள். ஆற்றில் ஒரு வாரம் குனிந்து கிடந்தாலும் சேராத தங்கம், விமானச் சீட்டுக்குக் கொடுக்கும் காசுக்கு அங்கே அரை மணி நேரத்தில் கிடைத்துவிடும். மலையிடுக்கில் ஆற்றோரமாக நடந்து, சில்லென்ற தண்ணீரில் நின்று, தட்டின் ஓரத்தில் ஊசிமுனையளவு மஞ்சளைப் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருப்பவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

எங்கே போவது

சிங்கப்பூரில் இதற்கு வழியில்லை. புதியவர்களுக்கு நான் சொல்வது நியூசிலாந்தின் தென் தீவில் உள்ள ஒட்டாகோ வட்டாரம். 1861-இல் கேப்ரியல் ரீட் அங்கே தங்கம் கண்டுபிடித்த செய்தி பரவி, மறு ஆண்டே ஏரோ, ஷாட்ஓவர் ஆறுகளில் கூட்டம் குவிந்தது. இன்றும் அரசாங்கம் சில ஆற்றுப் பகுதிகளைப் பொதுமக்கள் தங்கம் தேடுவதற்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறது. அங்கே உரிமம் வேண்டாம். தட்டு, மண்வெட்டி, சல்லடை போன்ற கைக்கருவிகள் மட்டும்தான் பயன்படுத்தலாம். மோட்டார் வைத்த எதுவும் கூடாது. ஒதுக்கிய எல்லையைத் தாண்டினால் சட்டம் வேறு. அதனால் கிளம்புவதற்கு முன்பே எல்லை வரைபடத்தைக் கைப்பேசியில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தாக்குக்குள் சிக்னல் கிடைக்காது.

முதல் பயணத்துக்கு ஏரோ ஆறு போதும். குயின்ஸ்டவுன் பக்கத்திலுள்ள ஏரோடவுன் என்ற சிற்றூரில் தட்டும் மண்வெட்டியும் வாடகைக்குக் கிடைக்கும். அந்தக் காலத்துச் சீனச் சுரங்கத் தொழிலாளர்களின் சின்னஞ்சிறு குடிசைகளை ஆற்றங்கரையிலேயே பார்க்கலாம். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே கோடைக்காலம். அதற்கு முந்தைய மாதங்களில் பனி உருகி ஆறு பெருகியிருக்கும், வேண்டாம்.

கால்களைப் பழக்குவது

சிங்கப்பூரிலேயே உயரமான புக்கிட் தீமா குன்றின் உயரம் 164 மீட்டருக்கும் குறைவு. அதை ஒருமுறை ஏறிவிட்டு 'நான் ரெடி' என்று சொல்லிவிட முடியாது. பத்துக் கிலோ பையோடு வீவக அடுக்குமாடி புளோக் படிக்கட்டில் ஏறி, மின்தூக்கி எடுக்காமல் நடந்தே இறங்குங்கள். முழங்கால் வலி வருவது இறங்கும்போதுதான். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் என்று ஒன்றிரண்டு மாதம் செய்யுங்கள். காலணியையும் இப்போதே வாங்கி, நனைத்து நனைத்து நடந்து பழகுங்கள். அங்கே நாள் முழுக்க ஈரக் காலணிதான்.

தட்டைப் பழக்குவது

இதை வீட்டுக் குளியலறையிலேயே கற்றுக்கொள்ளலாம். வேண்டியவை: தங்கம் அரிக்கும் தட்டு (உள்ளே ஒரு பக்கத்தில் வரிவரியாக மேடு உள்ள அகன்ற தட்டு), பெரிய பிளாஸ்டிக் தொட்டி, மீன்தொட்டிக் கடையில் விற்கும் மணலும் கூழாங்கல்லும், தூண்டில் கடையில் கிடைக்கும் பொடி ஈயக் குண்டுகள் பத்து. குண்டுகளைச் சுத்தியலால் தட்டித் தகடாக்குங்கள். தண்ணீரைவிட ஈயம் 11 மடங்கு கனம், தங்கம் 19 மடங்கு. ஈயத்தைத் தட்டில் நிறுத்தத் தெரிந்தவருக்குத் தங்கம் எளிது.

புதுத் தட்டில் எண்ணெய்ப் பசை இருக்கும். பசை இருந்தால் மெல்லிய தங்கத் துணுக்கு நீர்மேல் மிதந்து ஓடிவிடும், எனவே முதலில் பாத்திரச் சோப்பால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். பிறகு முக்கால் தட்டு மணலில் பத்து ஈயத் துண்டுகளையும் கலந்து, தொட்டி நீருக்குள் தட்டை முழுக்க அமிழ்த்துங்கள். கட்டிகளைக் கையால் பிசைந்து உடைத்து, பெரிய கற்களைக் கழுவி எறியுங்கள். அடுத்து, தட்டை மட்டமாகப் பிடித்துப் பக்கவாட்டில் வேகமாக உலுக்குங்கள். எல்லாமே இந்த உலுக்கலில்தான் இருக்கிறது. கனமானது அடிக்கு இறங்கும், லேசானது மேலே வரும்.

இப்போது வரிவரியாக மேடு உள்ள பக்கம் உங்களுக்கு எதிரே இருக்கும்படி தட்டைச் சாய்த்து, நீருக்குள் இறக்கி ஏற்றுங்கள். மேல் மணல் கொஞ்சம் கொஞ்சமாக வழிந்து போகும். பாட்டி அரிசியில் கல் அரிப்பதைப் பார்த்திருந்தால் கை தானாக வரும். அங்கே கல் அடியில் நிற்கும், இங்கே தங்கம். நாலைந்து முறை வழியவிட்டதும் மறுபடி மட்டமாக்கி உலுக்க வேண்டும். அவசரக்காரர்கள் இந்த மறு உலுக்கலை விட்டுவிடுவார்கள், தங்கமும் அவர்களை விட்டுப் போய்விடும். கடைசியில் ஒரு கரண்டி மணல் மிஞ்சும்போது ஈயத் துண்டுகளை எண்ணிப் பாருங்கள். பத்தில் பத்தும் திரும்பத் திரும்ப நிற்கும்வரை டிக்கெட் போடாதீர்கள். அப்புறம், மணலைக் குழாயில் ஊற்றிவிட வேண்டாம், அடைத்துக்கொள்ளும். ஈயத்தைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஆற்றைக் கடப்பது

ஆளைக் கொல்லக்கூடியது இந்தப் பகுதிதான். 1863 ஜூலை வெள்ளத்தில் இந்த ஆறுகளில் சுரங்கத் தொழிலாளர்கள் பலர் இறந்தார்கள். மழை பெய்த பிறகு நம் ஊர்க் கால்வாயில் நீர் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்பது நமக்குத் தெரியும். மலையிடுக்கிலும் அப்படித்தான், ஆனால் ஏறி ஒதுங்கப் படிக்கட்டு இருக்காது. உங்கள் தலைக்குமேல் வெயிலடித்தாலும் மேல்மலையில் மழை பெய்திருக்கலாம்.

ஏரோடவுனிலிருந்து மேஸ்டவுன் என்ற பழைய சுரங்க ஊருக்குப் போகும் பாதை ஏரோ ஆற்றை இருபது முறைக்குமேல் கடக்கிறது. முதல் பயணத்தில் அதை முழுதாகப் போக வேண்டியதில்லை. எந்த இடமானாலும் முதலில் கரையில் நின்று பாருங்கள். ஒரு குச்சியை எறிந்துவிட்டு அதோடு கூடவே நடங்கள். நீங்கள் சாதாரணமாக நடக்கும் வேகத்தை அது மிஞ்சினால் இறங்கக் கூடாது. நீர் கலங்கியிருந்தாலோ, கிளைகள் மிதந்து வந்தாலோ, அடியில் கற்கள் உருளும் 'கடகட' சத்தம் கேட்டாலோ அன்றைக்கு ஆறு உங்களுக்கில்லை. இவை எதுவும் இல்லாமல் நீர் முழங்காலுக்கு மேல் போனாலும் புதியவர்கள் திரும்பிவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

இறங்கலாம் என்று முடிவானால், வளைவில் வேண்டாம். அகலமாகவும் ஆழம் குறைவாகவும் உள்ள நேரான இடமாகத் தேர்ந்தெடுங்கள். தவறி விழுந்தால் எங்கே போய்ச் சேருவீர்கள் என்று கீழ்ப்பக்கத்தையும் பாருங்கள். மரக்கிளையோ பாறைச் சரிவோ இருந்தால் வேறு இடம் தேடுங்கள். காலணியைக் கழற்றக் கூடாது. பையின் நெஞ்சுப்பட்டையை அவிழ்த்து, தோள்பட்டைகளைத் தளர்த்திக்கொள்ளுங்கள். இருவர் மூவராக ஒருவர் பையை ஒருவர் முதுகுக்குப் பின்னால் கைவிட்டுப் பிடித்துக்கொண்டு, பலசாலி மேல்நீர்ப் பக்கம் நிற்க, சற்றே கீழ்நோக்கிச் சாய்வாக நடங்கள். தனியாகப் போகவே வேண்டாம்.

ஜீன்ஸும் பருத்திச் சட்டையும் ஈரத்தில் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது பாலியெஸ்டர் போடுங்கள், மாற்றுத் துணியைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் அவசரச் சமிக்ஞைக் கருவி அங்கே வாடகைக்குக் கிடைக்கும். தங்குமிடத்தில் போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் எழுதிக் கொடுங்கள். அவசர எண் 111.

எங்கே தோண்டுவது

கனமானது நீரின் வேகம் குறையும் இடத்தில் இறங்கும். ஆற்று வளைவின் உட்புறம், பெரிய பாறையின் கீழ்நீர்ப் பக்கம், மணலுக்கு அடியிலுள்ள படுகைப் பாறையின் வெடிப்பு ஆகியவற்றைத்தான் தேட வேண்டும். ஒட்டாகோவின் படுகைப் பாறை தகடு தகடாகப் பிரியும் வகை. தகடுகள் நீரோட்டத்துக்குக் குறுக்கே நிற்கும் இடத்தில் தங்கம் இடுக்குகளில் சிக்கிக்கொள்ளும். ஒரு பழைய ஸ்க்ரூடிரைவர், நீளக் கைப்பிடிக் கரண்டி, பல்துலக்கும் பிரஷ் மூன்றும் போதும். விரற்கடை அகல வெடிப்பு ஒன்றை அடிவரை சுரண்டி, கடைசித் தூளையும் பிரஷால் கூட்டித் தட்டில் போடுங்கள். மேலாக அள்ளிய பத்துத் தட்டு சரளையைவிட அந்த ஒரு கைப்பிடி மேல். பாறைமேல் பிடித்திருக்கும் பாசியிலும் பொடித் தங்கம் தங்கும் என்பார்கள், ஆனால் செடிகொடிகளைப் பிடுங்கவோ கரையை வெட்டவோ கூடாது.

தங்கம்தானா?

தட்டில் பளபளப்பதெல்லாம் பெரும்பாலும் அபிரகம் (மைக்கா). அந்தப் பாறையில் அது ஏராளம். கையை வைத்து நிழல் காட்டுங்கள்: அபிரகம் அணைந்துவிடும், தங்கம் நிழலிலும் அதே மஞ்சள். தட்டை அசைத்தால் அபிரகம் நீரோடு சுழலும், தங்கம் தட்டின் அடியில் மிஞ்சும் கனமான கரு மணலுக்கும் பின்னால் சோம்பி நிற்கும். ஊசியால் அழுத்தினால் தங்கம் பள்ளம் விழும், போலிப் பொன்னான பைரைட் உடையும். வெள்ளி பூசினாற்போல் துணுக்கு கிடைத்தால் கவனம்: அது பழைய சுரங்கக்காரர்கள் விட்ட பாதரசம் ஒட்டிய தங்கமாக இருக்கலாம். தனிக் குப்பியில் போட்டு மூடுங்கள், எந்த நிலையிலும் அடுப்பில் சூடாக்காதீர்கள்.

சுத்தம்

நியூசிலாந்துக்குள் நுழையும்போது நடைக்காலணி, கூடாரம், மண்வெட்டி எல்லாவற்றையும் படிவத்தில் அறிவிக்க வேண்டும். மண் ஒட்டியிருந்தால் பிரச்சினை, ஆகவே காலணியின் அடிப்பாகத்தை வீட்டிலேயே பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள். தென் தீவு ஆறுகளில் டிடிமோ என்ற பாசி 2004-லிருந்து பரவி வருகிறது. அதன் ஒரு செல்லே போதும் அடுத்த ஆற்றைக் கெடுக்க. எனவே ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குப் போகும்முன் தட்டு, காலணி, சாக்ஸ் எல்லாவற்றையும் சோப்பு நீரில் கழுவி, உள்ளும் புறமும் தொட்டால் ஈரமில்லாதபடி காயவிட்டு, அதற்குமேல் 48 மணி நேரம் அப்படியே வையுங்கள். பயணத் திட்டத்தில் இந்த இரண்டு நாளுக்கு இடம் விடுங்கள், அல்லது ஒரே ஆற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.