லிமிடெட் எடிஷன் மாண்டலின்: லேபிளைப் படிப்பது எப்படி, விலை பேசுவது எப்படி

லிமிடெட் எடிஷன் என்று சொல்லி விற்பனைக்கு வரும் மாண்டலின் எந்த வகை என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். எண்ணிக்கையை முன்கூட்டியே அறிவித்து, அதோடு உற்பத்தியை நிறுத்திக்கொண்டவை ஒரு வகை. அமெரிக்காவின் கிப்ஸன் கம்பெனி 1990களில் ப்ளூகிராஸ் இசையின் மாண்டலின் கலைஞர் பில் மன்றோ பெயரில் 200 என்று வரையறுத்துக் கொண்டுவந்த எஃப்-5எல் (கிப்ஸனின் உயர்ரக எஃப்-5 மாண்டலினின் பிற்கால வடிவம்) அப்படிப்பட்டது. ஒரு கலைஞரின் பெயரைத் தாங்கினாலும் வருஷக்கணக்கில் உற்பத்தியில் இருந்தவை வேறு வகை. இன்னொரு மாண்டலின் கலைஞர் சாம் புஷ்ஷின் 1937 எஃப்-5ஐ மனத்தில் வைத்துச் செய்த சாம் புஷ் மாடல் இதில் சேரும். அதில் பெயர் இருக்கிறது, எண்ணிக்கை வரம்பு கிடையாது. மூன்றாவது வகை, செய்த காலத்தில் யாரும் லிமிடெட் என்று சொல்லாதவை. கிப்ஸனின் ஒலியியல் பொறியாளர் லாயிட் லோர் கையெழுத்துப் போட்ட 1922-24 எஃப்-5கள் அவற்றில் உச்சாணிக் கொம்பு.

சந்தையில் அடிக்கடி நடக்கும் ஏமாற்று, இரண்டாவது வகையை முதலாவதன் விலைக்குத் தள்ளிவிடுவது. "சிக்னேச்சர் மாடல், ரொம்ப ரேர்" என்று விற்பவர் ஆரம்பித்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: மொத்தம் எத்தனை செய்தார்கள், இது எத்தனையாவது, அந்த எண் வாத்தியத்தில் எங்கே எழுதியிருக்கிறது? நேரான பதில் வராவிட்டால் அது சாதாரண மாடல் என்று வைத்துக்கொண்டே பேரத்தைத் தொடருங்கள்.

லேபிளும் எண்ணும்

கையில் வேண்டியவை: பல் மருத்துவர் பயன்படுத்தும் சிறு கண்ணாடி, வளைகிற கம்பியில் எல்இடி விளக்கு, ஒரு அல்ட்ரா வயலட் டார்ச். போனில் செருகும் எண்டோஸ்கோப் கேமரா இருந்தால் இன்னும் நல்லது. மேல்பலகையில் உள்ள எஃப் வடிவத் துளை வழியாக லேபிளை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். கழுத்து உடலோடு சேரும் இடத்தில் உள்ளே இருக்கும் மரக்கட்டையையும் பாருங்கள். பழைய கிப்ஸன்களில் தொழிற்சாலை ஆர்டர் எண் அங்கேதான் குத்தப்பட்டிருக்கும். லேபிளைக் கிழித்து வேறொன்றில் ஒட்டலாம், கட்டையை மாற்றுவது அவ்வளவு சுலபமில்லை. ஆர்டர் எண் 1930களைக் காட்டி, லேபிள் 1924 என்று சொன்னால் நம்ப வேண்டியது கட்டையைத்தான்.

லோர் எஃப்-5இல் லேபிள் இரண்டு. ஒன்றில் மாடலும் சீரியல் எண்ணும் இருக்கும். மற்றதில் வாத்தியத்தைச் சோதித்துச் சுருதி சேர்த்து ஏற்றுக்கொண்டதாக ஒரு வாசகம், தேதி, லோரின் கையெழுத்து. இதே கையெழுத்து லேபிளை எல்-5 கிட்டாரிலும் எச்-5 மாண்டோலாவிலும் (மாண்டலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) ஒட்டியிருக்கிறார்கள். ஆகவே கையெழுத்து உண்மையானதாகவே இருந்தாலும் அது இந்த வாத்தியத்துக்கு உரியதா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. தேதிகள் தொகுதி தொகுதியாக வரும். 1923 ஜூலை 9, 1924 பிப்ரவரி 18, 1924 மார்ச் 31 ஆகியவை பல வாத்தியங்களில் உண்டு. பில் மன்றோவின் 73987ஆம் எண் எஃப்-5இல் இருப்பதும் 1923 ஜூலை 9தான். ஒரே தேதி பலவற்றில் வருவது சந்தேகத்துக்கு உரியதல்ல. வேறெதிலும் காணாத தேதி வந்தால்தான் உஷாராக வேண்டும். லோர் 1924 டிசம்பரில் கம்பெனியை விட்டுப் போய்விட்டார். 1925 தேதியில் அவர் கையெழுத்து இருந்தால் மேற்கொண்டு பார்க்க ஒன்றுமில்லை.

லோர் எஃப்-5ஐ மாதிரியாக வைத்துக் கிப்ஸன் பிற்காலத்தில் செய்த மாஸ்டர் மாடல்களுக்கும் இதே சோதனை செல்லும். மன்றோவின் மாண்டலின் 1985இல் அடித்து நொறுக்கப்பட்டபோது அதைத் துண்டு துண்டாக ஒட்டி மீட்டவர் சார்லி டெரிங்டன். பிறகு கிப்ஸன் மாண்டலின் பிரிவை நடத்திய அவரும் லேபிளில் கையெழுத்திட்டிருக்கிறார். 2006 ஆகஸ்ட் தொடக்கத்தில் அவர் காலமானார். அதற்குப் பிந்தைய தேதியோடு அவர் கையெழுத்து இருக்க வழியில்லை.

1977இல் கிப்ஸன் எட்டு இலக்க எண்ணுக்கு மாறியது. 70களின் கடைசியிலும் 80களிலும் வந்த எஃப்-5எல்களை இப்படிப் படிக்கலாம்: முதல் இலக்கமும் ஐந்தாவது இலக்கமும் சேர்ந்து ஆண்டு, இடையில் உள்ள மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள், கடைசி மூன்று அன்றைய வரிசை. 70419123 என்றால் 79ஆம் ஆண்டின் 41ஆவது நாள், அதாவது 1979 பிப்ரவரி 10. எஃப்-5எல் வந்ததே 1978இல்தான். அதற்கு முந்தைய ஆண்டைக் காட்டும் எண் எஃப்-5எல்லில் இருந்தால் எங்கோ இடிக்கிறது.

எண்ணிட்ட பதிப்பானால் சான்றிதழ், லேபிள், சீரியல் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். சான்றிதழ் தாள் தனியாகவும் பெட்டி தனியாகவும் கைமாறுவது சகஜம். தாளைக் காட்டி மட்டும் கேட்கும் கூடுதல் காசைக் கொடுக்காதீர்கள்.

உடம்பு சொல்லும் சாட்சி

அல்ட்ரா வயலட் டார்ச்சை இருட்டறையில் அடியுங்கள். காகிதத்தை வெளுப்பாக்க இன்று சேர்க்கும் ரசாயனம் இரண்டாம் உலகப் போருக்கு முன்பு வழக்கத்தில் இல்லை. 1920களின் லேபிள் நீலவெள்ளையாகப் பளிச்சென்று மின்னினால் அது பின்னால் அச்சடித்தது. அதே வெளிச்சத்தில் வார்னிஷையும் பாருங்கள். ஒரு பகுதி மட்டும் வேறு நிறத்தில் தெரிந்தால் அங்கே மேல்பூச்சு நடந்திருக்கிறது. பூச்சு எந்த வகை என்று அறிய ஆல்கஹால் தொட்டுத் தேய்த்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஸ்பிரிட் வார்னிஷ் அதில் கரையும். சோதனையே சேதமாகிவிடும்.

ஸ்க்ரூக்களைக் கவனியுங்கள். தலையில் கூட்டல் குறி போட்ட ஸ்க்ரூ 1930களில்தான் புழக்கத்துக்கு வந்தது. லோர் காலத்து வாத்தியத்தில் அது இருந்தால் டெயில்பீஸோ (தந்திகளின் அடிநுனியைப் பிடிக்கும் உலோகத் துண்டு) ட்யூனரோ (சுருதி முறுக்கி) பிற்காலத்தில் மாற்றப்பட்டிருக்கிறது. போலி என்று உடனே முடிவுகட்டிவிடாதீர்கள், ஆனால் விலையில் குறையுங்கள். மேல்பலகையின் அடியில் நீளவாக்கில் டோன் பார் என்ற தாங்குச் சட்டம் இரண்டு இருக்க வேண்டும். பெருக்கல் குறியாகப் போட்ட சட்டம் லோர் எஃப்-5க்கு உரியதல்ல. சிலவற்றில் விர்ஸி என்ற முட்டை வடிவப் பலகை உள்ளே தொங்கும். பலர் பின்னாளில் அதைக் கழற்றிவிட்டார்கள், பசைத் தடம் மட்டும் மிஞ்சியிருக்கும். அந்தத் தடமே ஒரு நல்ல அடையாளம்.

பழைய செல்லுலாய்ட் பைண்டிங் (ஓரப் பட்டை) நொறுங்க ஆரம்பித்தால் அதிலிருந்து கிளம்பும் ஆவி பக்கத்து உலோகத்தைப் பச்சையாக அரித்துவிடும். பெட்டியைத் திறந்ததும் கற்பூரத்தோடு புளித்த வாடை அடித்தால் பிக்கார்டை (மேல்பலகை கீறாமல் காக்கும் தகடு) முதலில் பாருங்கள்.

வாசிக்க லாயக்கா?

எத்தனை அபூர்வமானாலும் எட்டுத் தந்தியும் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ இழுவையை அந்தப் பலகை தாங்கியாக வேண்டும். இரும்பு ஸ்கேலைத் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு முன்னும் பின்னும் குறுக்காக வைத்து இருபுறமும் ஒப்பிடுங்கள். பிரிட்ஜின் ஒரு காலடி மட்டும் அமுங்கியிருந்தால் அந்தப் பக்கத்து டோன் பார் விட்டிருக்கலாம். விரல் நகத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போனால், பசை விட்ட இடத்தில் சத்தம் சளசளக்கும்.

அடுத்தது கழுத்து. 12ஆவது ஃப்ரெட்டில் தந்தியின் உயரம் 1.6 முதல் 2 மி.மீ. வரை இருந்தால் சுகமாக வாசிக்கலாம். 3 மி.மீ. இருக்கிறது, பிரிட்ஜின் சக்கரங்களையும் அடிமட்டம் வரை இறக்கியாகிவிட்டது என்றால், கழுத்தின் கோணமே போய்விட்டது. கழுத்துக்குள் இருக்கும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியை முறுக்கி இதைச் சரிசெய்ய முடியாது, அது வளைவுக்குத்தான் மருந்து. கழுத்தைக் கழற்றித் திரும்பப் பொருத்துவது பெரிய வேலை. செலவைக் கேட்டு விலையில் கழித்துக்கொள்ளுங்கள். ட்ரஸ் ராட் நட்டு இன்னும் திரும்புகிறதா என்று விற்பவரையே கால் சுற்று திருப்பிக் காட்டச் சொல்லுங்கள். முழுக்க இறுகிப்போன ராட் உங்கள் தலையில் விழக் கூடாது.

எஃப்-5 அளவில், கழுத்தின் தலைப்பக்கம் தந்தியைத் தாங்கும் நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை சுமார் 352 மி.மீ. 12ஆவது ஃப்ரெட்டில் ஹார்மோனிக்கும் (விரலை மெல்லத் தொட்டு எழுப்பும் ஸ்வரம்) அழுத்திய ஸ்வரமும் ஒன்றாக வர வேண்டும். மாறினால் பயப்படாதீர்கள், பிரிட்ஜ் ஒட்டப்படாதது, நகர்ந்திருக்கும்.

எதற்கு எவ்வளவு

வழக்கமான மாடலிலிருந்து இந்தப் பதிப்பு எதில் வேறுபடுகிறது என்று எழுதிப்பாருங்கள். ரெட் ஸ்ப்ரூஸ் மேல்பலகை, வார்னிஷ் பூச்சு, கையால் சுருதி சேர்த்த பலகை என்றால் காசுக்கு ஈடு உண்டு. தலையில் வேறு முத்துச்சிப்பி வேலைப்பாடு, உள்ளே ஓர் எண் என்ற அளவில் நின்றால் அதே மாடலின் செகண்ட்ஹேண்ட் விலைக்கு மேல் கொஞ்சம் மட்டும் கொடுங்கள். முழுதாக மறுபூச்சு கண்ட பழைய வாத்தியம் ஏறக்குறைய பாதி மதிப்பை இழந்துவிடும். ட்யூனர் மாற்றம் அவ்வளவு பாதிக்காது, பழைய ட்யூனர் பெட்டியில் இருக்கும்வரை.

கர்நாடக இசைக்கு வாங்குகிறவர்கள் இந்த வகையையே தவிர்ப்பது நல்லது. இரட்டைத் தந்தியை இழுத்துக் கமகம் பிடிப்பது கஷ்டம். யு. ஸ்ரீநிவாஸ் ஒற்றைத் தந்திகள் பூட்டிய எலெக்ட்ரிக் மாண்டலினில் வாசித்ததற்குக் காரணம் இருக்கிறது.

வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மரத்தின் பெயரை ரசீதில் எழுதி வாங்குங்கள். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருக்கிறது. பழைய இத்தாலியக் கிண்ண மாண்டலின்களின் ஆமை ஓட்டுப் பலகைக்கும் அதே சிக்கல், சுங்கத்தில் மாட்டும். அனுப்புகிறவரிடம் தந்திகளை ஒரு முழு ஸ்வரம் மட்டும் இறக்கச் சொல்லுங்கள். முழுதும் தளர்த்தினால் பிரிட்ஜ் சரிந்து பலகையைக் கீறும். வந்து சேர்ந்த பெட்டியை உடனே திறக்காமல் ஒரு நாள் அறை வெப்பத்துக்கு வர விடுங்கள். திருப்பி அனுப்பும் கெடு 48 மணி நேரம் என்று பேசியிருந்தால், அது கூரியர் வந்ததிலிருந்தா, பெட்டியைத் திறந்ததிலிருந்தா என்பதைப் பணம் அனுப்பும் முன்பே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.