முதல்முறை போர் (ஆழ்துளைக் கிணறு) போடுகிறீர்களா? தூளைக் கவனியுங்கள்

பல்லடம், காங்கேயம் பக்கம் மேலே சில அடி மண், அடியில் கடும்பாறை. தண்ணீர் பாறையின் வெடிப்புகளில்தான் ஓடுகிறது. வெடிப்பு அகப்பட்டால் 250 அடியிலேயே கிடைக்கும். அகப்படாவிட்டால் ஆயிரம் அடியிலும் புழுதிதான்.

முதலில் ஊராட்சியில் அனுமதி வாங்குங்கள். துளையிடுவதற்கு 15 நாட்களுக்கு முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2010 வழிகாட்டுதல்.

அடுத்தது இடம். பக்கத்துத் தோட்டங்களில் எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று கேளுங்கள். தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. அந்தப் பணத்தை நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி அதன் மின்தடையை அளந்து நீர் தேடும் நிலவியலாளருக்குக் கொடுங்கள். அவராலும் உறுதி தர முடியாது, ஆனால் வாய்ப்பு கூடும்.

பிறகு துளையிடும் ரிக் வண்டி. திருச்செங்கோட்டு வண்டிகளுக்குப் பஞ்சமில்லை. கூலி அடிக்கணக்கு; ஆழம் கூடக்கூட அடிக்கூலியும் ஏறும், மேல்மண் சரியாமல் துளைக்குள் இறக்கும் கேசிங் குழாய்க்குத் தனி விலை. எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். எத்தனை அடியில் நிறுத்துவது என்பதை வண்டி வருமுன்பே வீட்டில் பேசி முடித்துவிடுங்கள். நள்ளிரவில், கம்ப்ரஸர் இரைச்சலுக்கு நடுவே, "இன்னும் நூறடி பார்க்கலாமே" என்று யாராவது சொல்லும்போது எடுக்கிற முடிவு பல குடும்பங்களைக் கடனாளியாக்கியிருக்கிறது.

துளை இறங்கும்போது தூரப் போய் உட்காராதீர்கள். கேசிங் குழாய் கடும்பாறைக்குள் சற்று இறங்கி உட்கார வேண்டும். இல்லையேல் மேல்மண் உள்ளே சரியும். ஒவ்வொரு ராடு (துளையிடும் இரும்புத் தண்டு) இறங்கும்போதும் வெளியே வரும் பாறைத் தூளில் ஒரு பிடி எடுத்து, ஆழத்தைக் குறித்து வரிசையாக வையுங்கள். வெளுத்த தூள் வந்தால் இறுகிய பாறை. ஆழத்தில் துருநிறச் சில்லுகள் வந்தாலோ, ராடு திடீரென்று வேகமாக இறங்கினாலோ அங்கே வெடிப்பு இருக்கலாம். தூள் நனைந்து புழுதி அடங்கினால் ஈரம் தட்டிவிட்டது. அந்த அடியைத் தவறாமல் குறியுங்கள்; மோட்டாரை எவ்வளவு ஆழத்தில் இறக்குவது என்று தீர்மானிக்க இந்தக் குறிப்பு உதவும்.

தண்ணீர் தெளியும்வரை காற்றடித்துக் கழுவச் சொல்லுங்கள். எத்தனை இன்ச் தண்ணீர் என்று (வரத்தை இன்ச் கணக்கில்தான் சொல்வார்கள்) வண்டிக்காரர் சொன்னதும் மோட்டார் வாங்க ஓட வேண்டாம். சில மணி நேரம் இறைத்து, நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்த்தபின் வாங்குங்கள்.

தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் துளையின் வாயை மூடாமல் விட்டுவிடாதீர்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிடப்பட்ட துளையில் விழுந்து இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. கிணற்றைப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் குழாயைச் சுற்றிச் சிமென்ட் மேடை கட்டி, இரும்பு மூடியைப் பற்றவைத்தோ போல்ட் போட்டோ மூடுங்கள். வறண்ட துளையை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கூழாங்கல் கொண்டு நிரப்புங்கள். துளையிட்டபோது வந்த தூளையும் இதற்குப் பயன்படுத்தலாம். வண்டி கிளம்பும் அன்றே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.