உச்சி வெயில்தான் நல்ல வேளை: மாற்றிய கேமராவில் அகச்சிவப்பு நிலக்காட்சி

காலை பத்து மணி தாண்டினால் நிலக்காட்சி எடுப்பவர்கள் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவார்கள். வானம் வெளிறியிருக்கும், தோப்பு, வயல், மலை எல்லாம் ஒரே பச்சையாகக் கிடக்கும். அகச்சிவப்புக்கு அந்த வெயில்தான் வேண்டும். பொள்ளாச்சித் தென்னை ஓலை வெள்ளித் தகடாக மின்னுவதும், ஆழியாறு அணை நீர் மையாகக் கறுப்பதும், சாதாரணப் படத்தில் புகைமூட்டமாகத் தெரியும் ஆனைமலை மடிப்பு மடிப்பாகத் துலங்குவதும் நடுப்பகலில்தான்.

இதற்கும் உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் கேமராவுக்கும் தொடர்பில்லை. தெர்மல் என்பது 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளம். நாம் பேசுவது கண் காணும் சிவப்பு முடியும் 700 நானோமீட்டரிலிருந்து சிலிக்கான் சென்சார் கைவிடும் 1100 நானோமீட்டர் வரை உள்ள பகுதி. இந்தப் பகுதியில் இலையின் பச்சையம் ஒளியை விழுங்குவதில்லை. ஒளி இலைக்குள் புகுந்து, நீர் நிறைந்த செல்களுக்கும் அவற்றிடையே உள்ள காற்றறைகளுக்கும் நடுவே சிதறித் திரும்பி வருகிறது. இலை வெளுப்பது அதனால்தான். ராபர்ட் வுட் 1910-இல் இப்படிப்பட்ட படங்களை வெளியிட்டதால் இதற்கு ‘வுட் விளைவு’ என்றே பெயர். காற்று ஒளியைச் சிதறடிப்பது அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம்; 450 நானோமீட்டர் நீலத்தோடு ஒப்பிட்டால் 850-இல் சிதறல் ஏறக்குறைய 13 மடங்கு குறைவு. ஆகவே வானம் கறுக்கும், தூரத்து மலை தெளியும். ஆனால் கொடைக்கானல் பனிமூட்டத்தை இது ஊடுருவாது. மூடுபனியின் நீர்த்துளிகள் பெரியவை. அவை எல்லா அலைநீளத்தையும் ஒன்றுபோலச் சிதறடிக்கும்.

என்ன மாற்றுகிறோம்

ஏறக்குறைய எல்லா டிஜிட்டல் கேமராவிலும் சென்சாருக்கு முன்னால் லேசான நீலப்பச்சைச் சாயலில் ஒரு கண்ணாடி இருக்கும். அகச்சிவப்பைத் தடுப்பது அதன் வேலை. அதை எடுக்காமல் லென்ஸ் முன்னால் 720 பில்டர் (720 நானோமீட்டருக்குமேல் உள்ள ஒளியை மட்டும் விடுவது) மாட்டினால், நல்ல வெயிலிலும் எஃப்/8, ஐஎஸ்ஓ 200-இல் பத்து முதல் முப்பது விநாடி, சில மாடல்களில் அதற்கும் மேல் ஆகும். காற்றில் ஆடும் ஓலை மாவாகிவிடும். கண்ணாடியை எடுத்த கேமராவில் அதே காட்சி 1/125 விநாடியில் முடியும், ட்ரைபாடே வேண்டாம்.

எடுத்த இடத்தில் எதை வைப்பது என்பதில் இரண்டு வழி உண்டு. ஒன்று, 720 போன்ற ஒரு அகச்சிவப்பு பில்டரையே உள்ளே நிரந்தரமாகப் பதிப்பது. மற்றது, எல்லா ஒளியையும் விடும் தெளிந்த கண்ணாடியைப் பதித்து, வேண்டிய பில்டரை லென்ஸ் முன்னால் மாட்டுவது. இதுதான் ஃபுல் ஸ்பெக்ட்ரம். லென்ஸ் காட்சியை ஆடியால் வியூஃபைண்டருக்குத் திருப்பும் டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவருக்கு முதல் வழி சரி. ஃபுல் ஸ்பெக்ட்ரம் டிஎஸ்எல்ஆரில் 720 பில்டரை மாட்டியதும் வியூஃபைண்டர் இருண்டுவிடும், ஆட்டோஃபோகஸும் தடுமாறும், லைவ் வியூவிலேயே காலம் தள்ள வேண்டும். அந்த ஆடி இல்லாத மிரர்லெஸ்ஸில் ஃபோகஸ், மீட்டர், காட்சி எல்லாமே சென்சாரிலிருந்து வருவதால் இந்தத் தொல்லை இல்லை. புதிதாகத் தொடங்குபவர் பழைய மிரர்லெஸ் பாடி ஒன்றை வாங்கி ஃபுல் ஸ்பெக்ட்ரமாக மாற்றுவதே நல்லது. புற ஊதாவையும் அகச்சிவப்பையும் தடுக்கும் யூவி/ஐஆர் கட் பில்டரை மாட்டினால் அதே கேமரா சாதாரண வண்ணப் படமும் எடுக்கும். 656 நானோமீட்டரில் ஒளிரும் ஹைட்ரஜன் மேகங்களைப் பிடிக்க நினைக்கும் வான்படக்காரர்களுக்கும் உதவும்.

கண்ணாடியை எடுத்துவிட்டு ஒன்றும் வைக்காமல் மூடித் தரும் மலிவு வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். சென்சார் முன்னால் உள்ள கண்ணாடி, ஃபோகஸ் விழும் இடத்தைத் தன் தடிமனில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பின்னுக்குத் தள்ளுகிறது. 2 மில்லிமீட்டர் கண்ணாடி என்றால் ஏறக்குறைய 0.7 மில்லிமீட்டர். அது போனால் பிம்பம் சென்சாருக்கு முன்னாலேயே விழும். லென்ஸை முன்னுக்குத் தள்ளும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் மாட்டியதுபோல் தூரத்து மலை ஒருபோதும் கூர்மையாகாது. அதனால் மாற்றித் தருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது, வைக்கும் கண்ணாடியின் ஒளியியல் தடிமன் பழையதோடு பொருந்துமா என்பது. அதன் இரு பக்கமும் ஆன்டி-ரிஃப்ளெக்ஷன் பூச்சு உண்டா, தூசி உதறும் அமைப்பு இருக்குமா, டிஎஸ்எல்ஆர் என்றால் எந்த லென்ஸை வைத்து ஃபோகஸ் சீரமைப்பார் என்பவற்றையும் கேளுங்கள்.

வீட்டில் திறக்க ஆசைப்படுபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உள்ளே ஃபிளாஷ் இருக்கும் பாடியில் ஃபிளாஷ் மின்தேக்கி 300 வோல்ட் அளவு மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்கும். பேட்டரியைக் கழற்றிய பிறகும் அது அடிக்கும். அந்த மின்னைப் பாதுகாப்பாக இறக்கத் தெரியாதவர் திருகைத் தொடவே வேண்டாம்.

மாற்றிய கேமரா கைக்கு வந்ததும் லென்ஸ் மூடியை மாட்டி, இருட்டறையில் ஐஎஸ்ஓ 1600-இல் 30 விநாடி ஒரு படம் எடுங்கள். ஓரத்தில் ஊதா நிறத் தீற்றல் தெரிந்தால், கேமராவுக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒரு அகச்சிவப்பு எல்இடி கசிகிறது. சில மாடல்கள் ஷட்டரைக் கண்காணிக்க அப்படி ஒன்றை வைத்திருக்கின்றன. பகல் படத்துக்கு இது பாதகமில்லை. இரவு வானத்துக்கு அந்த பாடி உதவாது.

பில்டர் எண்கள் என்ன சொல்கின்றன

590, 665, 720, 830 என்ற எண்கள், எந்த நானோமீட்டரிலிருந்து ஒளியை உள்ளே விடும் என்பதைக் குறிக்கும். 590-இல் ஆரஞ்சும் சிவப்பும் சேர்ந்து வரும். வேலை முடிந்த படத்தில் இலை பொன்மஞ்சள், வானம் நீலம். 665-இல் மஞ்சள் வெளிறும். 720-இல் இலை ஏறக்குறைய வெள்ளை, வானத்துக்கு மட்டும் கொஞ்சம் நிறம். 830-க்கு மேல் சென்சாரின் சிவப்பு, பச்சை, நீலப் பிக்சல்கள் மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றுபோல உணர்வதால் கறுப்பு வெள்ளை மட்டுமே கிடைக்கும். 720 பில்டரும் ஒரு யூவி/ஐஆர் கட் பில்டரும் முதல் ஆறு மாதத்துக்குப் போதும். கையிருப்பில் உள்ள லென்ஸ்களிலேயே பெரிய விட்டத்துக்கு வாங்கி, சின்ன லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளலாம்.

மலிவு 720 சிலவற்றில் கண் காணும் ஒளியும் கசியும். இரவில் வெள்ளை எல்இடி பல்பு மட்டும் எரியும் அறையில் பில்டரோடு ஒரு படம், பிறகு பழைய குண்டு பல்பின் கீழ் அதே அமைப்பில் இன்னொன்று எடுத்துப் பாருங்கள். எல்இடியில் அகச்சிவப்பு மிகச் சொற்பம். முதல் படம் ஏறக்குறைய இருட்டாக இருக்க வேண்டும். அறை நன்றாகத் தெரிந்தால் பில்டரைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

அருவியை மழுங்கலாக எடுக்க, ஒளியைக் குறைக்கும் என்டி பில்டர் மாட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாதாரண என்டி பில்டர்கள் பல, அகச்சிவப்பைத் தடுக்காமல் விட்டுவிடும். பத்து ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) என்று எழுதியிருப்பது இங்கே சில ஸ்டாப்பாகக் குறைந்துபோகலாம். அகச்சிவப்புக்கும் பொருந்தும் என்று சொல்லி விற்பதையே வாங்குங்கள்.

ஹாட்ஸ்பாட்

அகச்சிவப்பில் கெட்டுப்போகும் படங்களில் பெரும்பகுதி லென்ஸால் கெடுகிறது. லென்ஸின் பூச்சும் உட்புறக் கறுப்பும் கண் காணும் ஒளியைக் கருதிச் செய்யப்பட்டவை. அகச்சிவப்பு அவற்றில் பட்டு எதிரொளித்து, படத்தின் நடுவில் வட்டமாக வெளிறிய ஒரு திட்டாக விழும். விலை உயர்ந்த லென்ஸ் என்பதால் தப்பிவிடும் என்று நம்பக் கூடாது. கேனானின் 50 மில்லிமீட்டர் எஃப்/1.8 சாதாரணப் படத்தில் கூர்மைக்குப் பேர்போனது, அகச்சிவப்பில் ஹாட்ஸ்பாட்டுக்கும் பேர்போனது. கேமராவோடு வரும் 18-55 கிட் லென்ஸ்கள் பலவும் நன்றாகவே வேலை செய்கின்றன.

சோதிப்பது எளிது. சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து, மேகமில்லாத வானத்தை எஃப்/4, 5.6, 8, 11, 16 என்று வரிசையாக எடுங்கள். கணினியில் கான்ட்ராஸ்டை முழுதாக ஏற்றிப் பாருங்கள். அபர்ச்சர் சுருங்கச் சுருங்கத் திட்டு சிறிதாகி, ஓரமும் கூர்மையாகும். எந்த எண்ணில் அது தெரியத் தொடங்குகிறதோ, அதற்கு முந்தைய எண்ணே அந்த லென்ஸின் எல்லை. ஜூம் லென்ஸை ஒவ்வொரு குவியத் தொலைவிலும் சோதிக்க வேண்டும். 18-இல் சுத்தமாக இருப்பது 35-இல் திட்டு காட்டும். நிறத் திட்டாகவும் இது வரும் என்பதால், கணினியில் வெளிச்சத்தை மட்டும் குறைத்து ஈடுகட்ட முடியாது. வேறு லென்ஸ் தேடுவதே மேல்.

ஹாட்ஸ்பாட் இல்லாத லென்ஸிலும் எஃப்/11-ஐத் தாண்ட வேண்டாம். அலைநீளம் கூடினால் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைவதும் கூடி, படம் மழுங்கும். எஃப்/8 நல்ல நடுநிலை.

வெயிலில் நின்று செய்ய வேண்டியது

ஒயிட் பேலன்ஸ்தான் முதல் வேலை. அதைச் செய்யாமல் எடுத்தால் திரை முழுதும் ரத்தச் சிவப்பாக இருக்கும், எது நன்றாக வந்திருக்கிறது என்று தெரியாது. வெயில் விழும் புல்வெளியோ வயலோ திரையை நிறைக்கும்படி பார்த்து, கஸ்டம் ஒயிட் பேலன்ஸ் எடுங்கள். சாதாரணப் படத்தின் சாம்பல் அட்டைக்கு இங்கே பச்சை இலைதான் மாற்று. 720-இல் இலை வெளுத்து, வானம் செம்பழுப்பாக வந்தால் சரி. சில கேமராக்கள் அளவு எல்லை மீறியது என்று பிழை காட்டி மறுக்கும். அப்போது சென்சார் தரவை அப்படியே சேமிக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்துக்கொண்டு, திரைக்கு மட்டும் மோனோகுரோம் ஸ்டைலை வைத்துக்கொள்ளுங்கள். ராவைக் கைவிட்டு ஜேபெக் எடுத்தால் பின்னால் திருத்த வழியே இல்லை.

எக்ஸ்போஷருக்கு ஐஎஸ்ஓ 100 அல்லது 200, எஃப்/8, 1/125-இல் தொடங்கலாம். 830 என்றால் இன்னும் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில், மொத்தத்துக்கானதை நம்பாமல் மூன்று நிறமும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமை வையுங்கள். மொத்தம் நடுவில் நிற்கும்போதே சிவப்புச் சேனல் வலது சுவரில் மோதிவிடும். அது போனால் மேகத்திலும் இலையிலும் விவரமே இருக்காது.

சூரியன் முதுகிலோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். எதிர்வெயிலில் ஃபிளேர் (லென்ஸுக்குள் ஒளி சிதறி வெளிறுவது) வழக்கத்தைவிட மோசம். லென்ஸ் ஹூட் எப்போதும் வேண்டும். ஃபுல் ஸ்பெக்ட்ரமில் பில்டரை மாற்றும் ஒவ்வொரு முறையும் மறுபடி ஃபோகஸ் செய்யுங்கள்; அகச்சிவப்பு கூடுமிடம் கண் காணும் ஒளி கூடுமிடத்திலிருந்து விலகியிருக்கும்.

மேகம் வேண்டும். மேகமில்லாத கறுத்த வானம் முதல் பத்துப் படத்துக்கு அழகு, பிறகு சலிக்கும். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகவும் தென்காசிப் பக்கமும் மேகம் நகர்ந்து, இடையிடையே வெயில் அடிக்கும் நாட்களை விடாதீர்கள். மார்கழியில் தஞ்சைச் சம்பா வயல் தளதளவென்று நிற்கும். ஊட்டியின் பைன் மரங்கள் மட்டும் ஏமாற்றும்; ஊசியிலை அகலிலையைவிடக் கறுப்பாகவே விழும். பாதி வெளுத்த காட்டில் அந்தக் கறுப்பையே ஒரு கோடாகப் பயன்படுத்தலாம்.

கணினியில்

ரா கோப்பைத் திருத்தும் அடோபி மென்பொருளான லைட்ரூமின் வெப்பநிலை ஸ்லைடர் 2000 கெல்வினோடு நின்றுவிடும். கேமராவில் வெளுத்துத் தெரிந்த இலை அங்கே மறுபடி சிவந்து கிடப்பது அதனால்தான். அடோபியின் டிஎன்ஜி புரொஃபைல் எடிட்டரை நிறுவி, ஒரு ராவை டிஎன்ஜியாக (அடோபியின் ரா கோப்பு வடிவம்) மாற்றித் திறந்து, கலர் மேட்ரிசஸ் பக்கத்தில் ஒயிட் பேலன்ஸ் காலிபரேஷனின் டெம்பரேச்சரை −100-க்கு இழுத்து, புரொஃபைலாகச் சேமியுங்கள். லைட்ரூமை மூடித் திறந்ததும் அந்த புரொஃபைல் பட்டியலில் இருக்கும். அதைத் தேர்ந்த பிறகு இலையின்மேல் ஒயிட் பேலன்ஸ் துளிசொட்டியை வைத்தால் சரியாகிவிடும். கேமரா மாடலுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

நீல வானம் வேண்டுமென்றால் ஃபோட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ சேனல் மிக்ஸரில் சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்ற வேண்டும். சிவப்பு வெளியீட்டில் சிவப்பு 0, நீலம் 100. நீல வெளியீட்டில் சிவப்பு 100, நீலம் 0. பச்சையைத் தொட வேண்டாம். செம்பழுப்பு வானம் நீலமாகும். கோப்பு 16 பிட்டில் இருக்கட்டும். 8 பிட்டில் கான்ட்ராஸ்ட் ஏற்றினால் வானம் படி படியாக உடையும். 830 படத்துக்கு இதெல்லாம் தேவையில்லை.

மரமெல்லாம் செக்கச்சிவப்பாக நிற்கும் கோடாக் ஏரோகுரோம் ஃபிலிம் நிறத்துக்குப் பலர் ஆசைப்படுகிறார்கள். வெறும் சாயம் பூசாமல் அதை நெருங்க ஒரு வழி உண்டு. ஃபுல் ஸ்பெக்ட்ரம் கேமராவில் 12-ஆம் எண் அடர்மஞ்சள் பில்டரை மாட்டுங்கள். அது நீலத்தைத் தடுக்கும். சென்சாரின் நீலச் சாயம் 800 நானோமீட்டருக்குமேல் ஒளியைத் தடுக்காது. ஆக நீலச் சேனலில் எஞ்சுவது அகச்சிவப்பு மட்டும். சிவப்பு, பச்சைச் சேனல்களில் அததன் நிறத்தோடு அகச்சிவப்பும் கலந்திருக்கும். அதைக் கழிக்க வேண்டும். சிவப்பு வெளியீட்டில் நீலம் 100, மற்றவை 0. பச்சை வெளியீட்டில் சிவப்பு 100, நீலம் −70. நீல வெளியீட்டில் பச்சை 100, நீலம் −70. கழிக்கும் அளவை −100 வரை மெல்லக் கூட்டிப் பாருங்கள். லீனியர் தரவில், அதாவது எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதமாக இருக்கும்போது, கழித்தால்தான் கணக்கு பொருந்தும். டார்க்டேபிள் என்ற ரா மென்பொருளின் கலர் காலிபரேஷன் பகுதி அப்படி வேலை செய்வதால் இதற்கு ஏற்றது. நிழலில் நாய்ஸ் (புள்ளி புள்ளியான இரைச்சல்) ஏறும், ஏனென்றால் இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணை எடுக்கிறோம். இந்த முறைக்கு மட்டும் ஐஎஸ்ஓ 100-ஐ விட்டு நகராமல், சேனல் சுவரில் மோதாத அளவுக்கு எக்ஸ்போஷரை வலப்பக்கம் தள்ளி எடுங்கள்.