சூடான விஷயத்தைப் பேச வைப்பது எப்படி

கலந்துரையாடலை நடத்துகிறவரின் பாதி வேலை கேள்வியை எழுதுவதிலேயே முடிந்துவிடும். ‘மரண தண்டனை சரியா?’ என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள். ‘கொலைக் குற்றத்துக்கான மரண தண்டனையைச் சட்டத்திலிருந்து நீக்க வேண்டுமா?’ என்று கேட்டால் பேச்சு ஓரிடத்தில் நிற்கும். ‘கொடூரமான’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும், உங்கள் கட்சி தெரிந்துவிடும். எதிர்க்கருத்துள்ளவர் வாயே திறக்க மாட்டார்.

நான் பிடித்துக்கொண்டிருப்பது மின்னசோட்டா பல்கலைக்கழகத்து டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் சகோதரர்கள் வகுப்பறைக்காக உருவாக்கிய முறை. நால்வர் நால்வராகப் பிரியுங்கள். இருவர் ஒரு தரப்பு, இருவர் எதிர்த்தரப்பு. யாருக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வேன், சொந்தக் கருத்தைக் கேட்பதில்லை. தயாராகப் பத்து நிமிடம், பேச மூன்று நிமிடம் கொடுக்கலாம். ஒரு ஜோடி பேசும்போது மற்றது குறிப்பு மட்டும் எடுக்கட்டும்.

அப்புறம்தான் உண்மையான வேலை. மறுப்பதற்கு முன்னால், கேட்டதைத் தன் வார்த்தையில் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஆமாம், இதைத்தான் சொன்னேன்’ என்று எதிராளி ஒப்புக்கொண்டால்தான் பதில் பேசலாம். முதல் தடவை பெரும்பாலும் தப்பாகத்தான் வரும்: ‘பழிவாங்கணும்னு சொல்றாங்க’ என்பார்கள், அவரோ பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு நீதி கிடைப்பதைப் பற்றிப் பேசியிருப்பார். நீங்கள் திருத்தப் போகாதீர்கள், அவர்களே மறுபடி முயலட்டும். நேரம் போகிறதே என்று இதை வெட்டினால் மிஞ்சுவது வெறும் பட்டிமன்றம்.

பிறகு தரப்பை மாற்றுங்கள். அதே ஆட்கள் எதிர்வாதத்தைத் தங்களால் முடிந்த அளவு வலுவாக வைக்க வேண்டும். முணுமுணுப்பார்கள், பரவாயில்லை. கடைசியில் தரப்புகளை விட்டுவிட்டு நால்வரும் எதில் ஒத்துப்போக முடியும் என்று தேடட்டும்.

கேள்வி கேட்டதும் அமைதி வந்தால் பதறாதீர்கள். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீள்கின்றன என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருக்கிறார். ஒருவரே பேசிக்கொண்டிருந்தால், எல்லோரும் ஒரு முறை பேசிய பிறகே இரண்டாவது வாய்ப்பு என்று சொல்லிவிடுங்கள். ஆளைத் தாக்கினால் உடனே நிறுத்துங்கள்.

எல்லாவற்றையும் இப்படி மேசையில் வைக்கக் கூடாது என்பது என் கட்சி. அங்கே உட்கார்ந்திருப்பவர் சம மரியாதைக்கு உரியவரா என்பது விவாதத் தலைப்பே இல்லை.

முடிந்ததும் கரும்பலகையில் மூன்று பத்தி போடுங்கள்: ஒத்துப்போனவை, தகவல் சரிபார்க்க வேண்டியவை, மதிப்பீட்டிலேயே வேறுபடுபவை. இரண்டாவது பத்திதான் அடுத்த கூட்டத்துக்கான வீட்டுப்பாடம்.